நாலாம் வீதியின் பேரிங்

எங்கள் வாஷிங் மெஷினில் பேரிங் போய்விட்டது. டிரம் சுற்றுவதை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பதிலாக வீதி சுற்றியது.

அவ்வளவுதான் நடந்தது. ஏன் எப்படி என்று கேட்கிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். ஒன்று நிற்க வேண்டும், ஒன்று சுற்ற வேண்டும். சுற்ற வேண்டியது நின்றுவிட்டால் நிற்க வேண்டியது சுற்றும். முப்பத்திநாலு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தவன் சொல்கிறேன், இதில் விளக்க இதற்கு மேல் ஒன்றுமில்லை.

மெஷின் 1972-இல் என் மச்சினன் ஜெர்மனியிலிருந்து கப்பலில் அனுப்பியது. முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே எஃகு டிரம், ஆடாமல் இருக்க அடியில் ஒரு கான்கிரீட் கட்டை. தூக்க நாலு ஆள் வேண்டும். செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது, மெஷின் மூடவில்லை. என் மனைவி சுந்தராம்பாள் அதற்கு வெள்ளிக்கிழமை தோறும் பொட்டு வைப்பாள். எனக்கு வைத்ததில்லை.

வீதி என்பது கோயமுத்தூரில் பழைய மில் லைன் வீடுகள். இந்தப் பக்கம் ஒன்பது, அந்தப் பக்கம் ஒன்பது, கடைசியில் வழியை அடைத்துக் குறுக்கே பத்தொன்பதாம் நம்பர். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், நடுவே பூனை நுழைய இடுக்கு கிடையாது. கிழக்கே வீதியின் வாய், அதில் இறங்கினால் பஸ் ரோடு. மற்ற மூன்று பக்கமும் மில்லுக்குச் சொந்தமான பொட்டலும் காம்பவுண்டுச் சுவரும். எங்கள் வீடு வீதிக்குச் சரியாக நடுவில் இருந்தது. அதனால் வீதி ஒழுங்காகச் சுற்றியது. ஓரத்து வீட்டில் மெஷின் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. நேரமில்லை.

முதல் தடவை ஒரு செவ்வாய்க்கிழமை. துவைத்து முடித்து மெஷின் பிழிய ஆரம்பித்தபோது, தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்கினது போல ஒரு சத்தம் எழுந்து, அந்தச் சத்தத்தோடு தேர் முக்குத் திரும்புகிற மாதிரி வீதி ஒரு அசைவு அசைந்து, பத்தொன்பது வீடுகளும், அவற்றின் மாடியில் காய்ந்த வேட்டி சேலைகளும், தண்ணீர்த் தொட்டிகளும், வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிள்களும், பல் விளக்கிக்கொண்டிருந்த நாலாம் நம்பர்க்காரரும், அவர் வாயில் இருந்த நுரையும், ஒரு சொட்டு சிந்தாமல் தெற்கே போய், மேற்கே போய், வடக்கே போய், மறுபடி கிழக்கே வந்து நின்றன. நாலாம் நம்பர்க்காரர் வாய் கொப்பளித்தார். பால்காரரின் எருமை மட்டும் சுற்ற மறுத்துவிட்டது. வீதி அதன் காலடியில் திரும்பிக்கொண்டிருக்க, அது கடைசிவரை கிழக்கே பார்த்தபடியே அசை போட்டது.

"ஏனுங், வெயிலு சமையக்கட்டு ஜன்னல்ல வந்துட்டுப் போகுது?" என்றாள் சுந்தராம்பாள்.

"பேரிங் போச்சு," என்றேன்.

"அதானே பார்த்தேன்," என்று துணியை எடுக்கப் போனாள். நன்றாகப் பிழிந்திருந்தது.

ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. பழகியது மட்டுமா, பிடித்தும் போயிற்று. சுவிட்சை அணைக்கிற இடத்தில் வீதி நிற்கும் என்று தெரிந்ததும் எங்கள் வாசலில் ஆள் வரத்து அதிகமாயிற்று.

"சுந்தரக்கா, வடகம் நெழல்ல கெடக்குது. சித்தெ ஒரு கால் சுத்துச் சுத்தி உடுங்களேன்."

"அக்கா, மோட்டு மாடில சாயங்கால வெயிலு மூஞ்சில அடிக்குது. பேரன் பரிச்சைக்குப் படிக்கறான். ஒரு துண்டாச்சும் போட்டு ஓட்டுங்க்கா."

பதினாலாம் நம்பரில் பெண் பார்க்க வந்தவர்கள், பெண் பிடித்திருக்கிறது, பலகாரம் பிடித்திருக்கிறது, தெற்கு வாசல்தான் ஆகாது என்று எழுந்தார்கள். "உக்காருங்க, காப்பி ஆறுது," என்றார் பெண்ணின் அப்பா. சுந்தராம்பாள் ஒரு கம்பளியை மெஷினில் போட்டாள். அவர்கள் காபியைக் குடித்து முடிப்பதற்குள் தலைவாசல் கிழக்கே வந்து நின்றது. நிச்சயதாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். தபால்காரர் ஒரு நாள் உள்ளே வந்த வழியிலேயே வெளியே போய், மில்லின் பஞ்சு குடோனில் இறங்கி, வாட்ச்மேனிடம் திட்டு வாங்கினார். அன்றிலிருந்து ரோட்டிலேயே நின்று, "அம்மா, மெஷின் ஓடுதுங்களா?" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் காலை உள்ளே வைப்பார்.

ஒன்பதாம் நம்பர் தேவசிகாமணி வீதிச் சங்கத்துச் செயலாளர். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவன், பேச்சு அதிகம். அவன் ஒரு அட்டவணை எழுதிக் கரண்டுக் கம்பத்தில் ஒட்டினான். திங்கட்கிழமை வடகம், வற்றல் உள்ளவர்களுக்கு. புதன் வாஸ்து பார்ப்பவர்களுக்கு. வெள்ளி காலை வீதியின் வாய் பெருமாள் கோயிலைப் பார்த்து. ஞாயிறு கறி எடுக்கிற நாள், அதனால் கோயிலுக்கு முதுகு காட்டி. எல்லாம் சங்கத்துத் தீர்மானம். எங்கள் வீட்டில் துவைக்க அழுக்குத் துணி தீர்ந்துபோய், ஊரார் போர்வைகள் வந்து குவிந்தன.

எனக்குத்தான் தாங்கவில்லை. பேரிங் அழுகிறது, ஊர் வடகம் காய வைக்கிறது. அழுகிற பேரிங்கைக் கேட்டுக்கொண்டு ஃபிட்டர் எப்படி உட்கார்ந்திருப்பான்? அதோடு தேய்மானம் ஏற ஏற வீதி சொன்ன இடத்தில் நிற்கவும் இல்லை. கொஞ்சம் தாண்டி நிற்கும், கோணலாக நிற்கும். பஸ்காரர்கள், "நாலாம் வீதி ஸ்டாப்பு எங்க?" என்று இறங்கித் தேடினார்கள்.

"ஒரு மணி நேர வேலை," என்றேன்.

எங்கள் வீதியில் ஒரு முறை உண்டு. பத்தொன்பது வீட்டில் பதினாலு வீட்டில் ஃபிட்டரோ டர்னரோ மோல்டரோ பம்புக்காரனோ இருக்கிறான். ஒருத்தன் கையில் ஸ்பானர் இருந்தால் மற்ற பதின்மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நிற்க வேண்டும், அவன் என்ன செய்தாலும் தப்பு என்று தலையை ஆட்ட வேண்டும், ஆனால் வாயைத் திறந்து சரியானதைச் சொல்லக் கூடாது. நானும் எத்தனையோ பேருக்கு அப்படி நின்றிருக்கிறேன்.

அவர்கள் நிற்க, நான் பின்தகட்டைக் கழற்றினேன். பெல்ட்டை எடுத்தேன், கப்பியை எடுத்தேன், பேரிங்கைத் தட்டி வெளியே எடுத்தேன். எடுத்ததும், கோணலாக நின்றிருந்த வீதி, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல், கதவு தானாகச் சாத்திக்கொள்வது போலத் தன் இடத்துக்குப் போய் நின்றது. புதுப் பேரிங் இரண்டு போட்டேன். சீல் ஒன்று இருந்தது, டிரம்மிலிருந்து தண்ணீர் பேரிங்குக்கு வராமல் தடுக்கிற ரப்பர் வளையம். நன்றாகத்தான் இருந்தது. மண்ணெண்ணெயில் துடைத்து அதையே திரும்பப் போட்டேன். ஃபிட்டர்கள் ரப்பரைப் பற்றிப் பேசுவதில்லை.

அன்று சாயங்காலம் மாவுக்காரி வந்தாள்.

இவளைப் பற்றிச் சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நம்பர். கிரைண்டர் வைத்து இட்லி மாவு ஆட்டி விற்கிறவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் கிரைண்டர் சத்தம் போடுகிறது என்று நான் சங்கத்தில் மனு கொடுத்தேன். "ஃபிட்டரய்யாவுக்குக் காதுலதான் ரிப்பேரு," என்று அவள் பதில் மனு கொடுத்தாள். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. மாவு வேண்டுமென்றால் சுந்தராம்பாளிடம் சொல்வேன், சுந்தராம்பாள் அவளிடம் சொல்வாள்.

வாசலில் நின்றபடி ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுந்தராம்பாளிடம் நீட்டினாள். உள்ளே ஒரு புது சீல்.

"அக்கா, இதையும் மாத்தணும்னு சொல்லுங்க. இல்லீனா பேரிங் நிக்காது."

"ஏனுங், இதையும் மாத்தோணுமாமா."

"மாவு ஆட்டறவ ஃபிட்டருக்குப் பாடம் எடுக்கறாளான்னு கேளு."

"அவிய அப்பறமா மாத்தறேங்கறாங்க அம்மணி," என்றாள் சுந்தராம்பாள். நாற்பத்தோரு வருஷமாக என் பேச்சை இப்படித்தான் ஊருக்குக் கொண்டுபோகிறாள்.

கவரைப் பரண்மேல் எறிந்தேன்.

பேரிங் ஒன்பது நாள் நின்றது. பத்தாம் நாள் வீதி சுற்றியது. அடுத்து தேவசிகாமணி வந்து, என் வேலை எங்கே தப்பு என்று அரை மணி நேரம் விளக்கிவிட்டு, நான் செய்ததையே செய்தான். அது ஆறு நாள். மறுபடி நான். நாலு நாள். பதின்மூன்று பேரும் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலி வந்து, இரண்டு பேர் கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை சுந்தராம்பாள் படுக்கை விரிப்புகளை மெஷினில் போட்டுவிட்டுக் காய் வாங்கக் கிளம்பினாள்.

"பேரிங் மறுபடி மொனகுதுங். பிழியறதுக்கு முன்னால சுச்ச அணைச்சுப்போடுங்க. மறந்துராதீங்க."

"உம்."

மறக்கவில்லை. தேவசிகாமணி வந்துவிட்டான். பேரிங்குக்கு மஞ்சள் கிரீஸா நீலக் கிரீஸா என்று பேச்சு வந்தது. சாதாரண விஷயமா அது? நான் மஞ்சள். அவனை ஒத்துக்கொள்ள வைக்கிற நேரத்தில் மெஷின் பிழிய ஆரம்பித்து, வீதி சரியாகப் பாதி சுற்றி, டங்கென்று நின்றது. நின்றது நின்றதுதான். டிரம்மும் சுற்றவில்லை, வீதியும் சுற்றவில்லை. பேரிங் இறுகிவிட்டது.

வீதியின் வாய் இப்போது மேற்கே, மில் காம்பவுண்டுச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. ரோட்டுப் பக்கம் பத்தொன்பதாம் நம்பரின் பின்சுவர். உள்ளே போக வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை. இளவட்டங்கள் ஏணி போட்டு ஏறி வேலைக்குப் போனார்கள். சுந்தராம்பாளுக்கு முட்டி மடங்காது. காய்ப் பையோடு ரோட்டில் நின்றாள்.

அவளிடம் பேச வேண்டுமென்றால் பத்தொன்பதாம் நம்பர்ப் புழக்கடைக்குத்தான் போக வேண்டும். போனேன். மாவுக்காரி உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

"சுந்தரா!"

"இங்கதான் இருக்கறனுங். சுச்ச அணைக்கச் சொன்னனே?"

"கிரீஸு பேசிட்டிருந்தோம்."

சுவருக்கு அந்தப் பக்கம் காய்ப் பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "வாட்ச்மேன் சேரு போட்டுக் குடுத்தாருங். டீயும் வந்துச்சு. எனக்கொண்ணும் தொந்தரவில்ல. அஞ்சு மணி பஸ்ஸுல உடுமலைக்குத் தங்கச்சி ஊட்டுக்குப் போயிக்கறேன்."

"எப்ப வருவே?"

"அவ எலுமிச்சங்கா ஊறுகா போடோணும்னா. மாங்கா சீசனும் வருது. மூணு மாசமாகும்."

மூன்று மாசம். கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் அவள் இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல வெளியே தங்கியதில்லை. காபி யார் போடுவது? அதற்காகச் சொல்கிறேன். வேறொன்றுமில்லை. மணி பன்னிரண்டரை.

வீட்டுக்கு ஓடிப் பின்தகட்டைக் கழற்றினேன். பேரிங் அசையவில்லை. சுத்தியலால் தட்டினேன். பெரிய சுத்தியலால் தட்டினேன். தேவசிகாமணியிடம் சுத்தியலைக் கொடுத்துவிட்டு அவனைத் திட்டினேன். கையிருப்பில் புதுப் பேரிங்கும் இல்லை. திரும்பப் புழக்கடைக்கு வந்தேன்.

"சுந்தரா, அவகிட்ட 6205 பேரிங் இருக்கான்னு கேளு."

மாவுக்காரி எனக்கு நாலடி தள்ளி நின்றிருந்தாள்.

"அம்மணி," என்றது சுவர், "6205 இருக்குதான்னு கேக்கறாங்க."

"ரண்டு இருக்குதுன்னு சொல்லுங்கக்கா," என்று சுவருக்குச் சொன்னாள்.

"ரண்டு இருக்குதாமா!"

"கேட்டுச்சு. இறுகுன பேரிங்க எப்படி எடுக்கறதுன்னு கேளு."

"எப்படி எடுக்கறதுன்னு..."

"சுத்தியல கீழ வெக்கச் சொல்லுங்கக்கா."

"சுத்தியல கீழ வெக்கோணுமாமா!"

வைத்துவிட்டு வந்து, வைத்தாயிற்று என்று சொன்னேன். அது சுவர் வழியாகப் போயிற்று. அடுத்தது சுவர் வழியாக வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நடுவீட்டுக்குப் போனேன், ஒரு சந்தேகம் வந்தது, திரும்பக் கடைசி வீட்டுக்கு வந்தேன், கேட்டேன், சுவர் கேட்டது, அவள் சொன்னாள், சுவர் சொன்னது, மறுபடி நடந்தேன், மறுபடி வந்தேன். இப்படி ஏழு நடை. வெயில் ஏறி இறங்கியது, உளுந்து ஊறி முடிந்தது, கிரைண்டர் ஓடி மாவு பொங்கி நுரைத்து அடுக்குப் பாத்திரத்தில் இறங்கியது, நான் நடந்துகொண்டே இருந்தேன். ஏழாவது நடையில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நேரம் கிரைண்டர் ஓடியிருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போய்க் காதை வைத்தேன். கல் திரும்பியது. உளுந்து நசுங்குகிற சத்தம் மட்டும் வந்தது, பேரிங் சத்தம் துளி இல்லை. மில்லில் நான் பார்த்த ஆயிரத்து இருநூறு ஸ்பிண்டிலில் ஒன்றுகூட இப்படி ஓடியதில்லை.

மணி நாலு.

"சுந்தரா," என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தொண்டை கட்டிப்போச்சுங்," என்றது சுவர். "நீங்களே பேசிக்கோங்க. நான் பஸ்ஸப் பாக்கறேன்."

நானும் மாவுக்காரியும் நின்றோம். நான் மாவு அடுக்கைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

"வந்து பாரு," என்றேன்.

"யாரச் சொல்றீங்க?"

"உன்னத்தான்."

"எனக்குப் பேரு இருக்குதுங்க. பதினோரு வருஷமா மாவுக்காரி மாவுக்காரின்னே ஓடிருச்சு. பேரச் சொல்லிக் கூப்புடுங்க, வர்றேன்."

கூப்பிட்டேன். முதல் தடவை காதில் விழவில்லை என்றாள். சத்தமாகக் கூப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

அவள் கையைக் கழுவி, முந்தானையைச் செருகி, ஒரு டப்பாவையும் கொதிக்கிற தண்ணீர்ப் போசியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். பதின்மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு, தலையாட்டத் தயாராக நின்றார்கள்.

"வெளிச்சத்த மறைக்கறவிய அக்கட்டால போங்க. ஃபிட்டரய்யா, டார்ச்சப் புடிங்க."

பிடித்தேன்.

பேரிங் உட்கார்ந்திருந்த அலுமினியக் கூட்டின்மேல் வெந்நீரைச் சுற்றி ஊற்றினாள். "இரும்பு மெதுவாத்தான் சூடாகும். அலுமினியம் முன்னால விரியும். அந்த நேரம்தான் நமக்கு." பிறகு மரக்கட்டையை வைத்து ஒரு தட்டு. இரண்டாவது தட்டு. பொத்தென்று பேரிங் கையில் விழுந்தது.

வீதி ஒரு பெருமூச்சு விட்டது போல இருந்தது. மெல்ல, மிக மெல்ல, பத்தொன்பது வீடும் கொடிகளும் தொட்டிகளும் சைக்கிள்களும் கரண்டுக் கம்பத்து அட்டவணையும் திரும்ப ஆரம்பித்தன. ரோட்டில் அஞ்சு மணி பஸ் ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து உறுமிக்கொண்டிருப்பது கேட்டது. நான் எழுந்தேன்.

"டார்ச்ச ஆட்டாதீங்க."

"பஸ்ஸு வந்துருச்சு."

"வீதியும்தான் வருது. உக்காருங்க."

உட்கார்ந்தேன். அதனால் அதை நான் பார்க்கவில்லை. கண்டக்டர் பிறகு சொன்னது: சுந்தராம்பாள் காய்ப் பையை உள்ளே வைத்துவிட்டு, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு, மற்றக் காலைத் தூக்க முட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் முன்னால் இருந்த பச்சைப் பாசிச் சுவர் நகர்ந்து போய், பொட்டல் வந்து, பொட்டலும் போய், நாலாம் வீதியின் வாய் அவள் செருப்பு முனையில் வந்து நின்றதாம். அவள் ஒரு அடிகூட நடக்கவில்லையாம். படியிலிருந்து காலை எடுத்தாளாம். "பையத் தாங்க தம்பி," என்றாளாம்.

உள்ளே, மாவுக்காரி பழைய சீல் வளையத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள். அதன் ரப்பர் உதடு கிழிந்து, உள்கம்பி துருவேறி இருந்தது. நானும் தேவசிகாமணியுமாக மூன்று தடவை துடைத்துப் போட்ட அதே சீல்.

"பேரிங்கு தானாச் சாகலீங்க. தண்ணி உள்ள போயிக் கொன்னுருக்குது. நாங்க மாவோட பொழைக்கறவிய, மூணு மாசத்துக்கு ஒருக்கா மொதல்ல இதத்தான் மாத்துவோம். நான் குடுத்தது எங்க?"

பரண்மேல் ஏறி எடுத்து வந்தேன். கவர் பிரிக்காமல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பல்லால் கடித்துப் பிரித்தாள். திட்டியிருக்கலாம். சீலின் உதடு தண்ணீர்ப் பக்கம் பார்க்கும்படி திருப்பி, விரலால் கிரீஸ் தடவி, சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்தி உட்கார வைத்தாள். கிரீஸ் நீலம். நான் டார்ச்சை இன்னும் கிட்டப் பிடித்தேன். தேவசிகாமணி வாயைத் திறந்தான், அவனைப் பேச விடவில்லை.

பெல்ட் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். டிரம் சுற்றியது. வீதி நின்றது. பால்காரரின் எருமை முதல் தடவையாகத் திரும்பி மேற்கே பார்த்தது.

சுந்தராம்பாள் வாசலில் வந்து நின்றாள்.

"காப்பி குடிச்சீங்களா?"

"இல்ல."

"அம்மணிக்கும் சேத்துப் போடறேன்," என்று உள்ளே போனாள். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

இது நடந்து எட்டு மாசம். வீதி அசையவில்லை. வடகக்காரர்களுக்கு வருத்தம்தான். ஒரு பாவாடையாவது போட்டு ஓட்டிப் பாருங்கள், ஒருவேளை சுற்றும் என்று இன்னும் வந்து கேட்கிறார்கள். அட்டவணை கம்பத்திலேயே நைந்துகொண்டிருக்கிறது. மாவு நானே போய் வாங்குகிறேன்.

இதை எழுத வேண்டியிருந்திருக்காது. ஆனால் தேவசிகாமணி டீக்கடையில் உட்கார்ந்து, அந்த மெஷினைச் சரி செய்தது தான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். எங்கள் வீதிப் பம்புக்காரன் தான் என்கிறான். நீங்கள்தான் செய்தீர்கள் என்று சிலபேர் என்னிடமே வந்து சொல்கிறார்கள், நானும் ஒரு தடவை ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். அது தப்பு. அதனால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கம்பத்தில் அந்த அட்டவணைக்குமேல் ஒட்டுகிறேன்.

மாற்றியது பேரிங் இரண்டு, சீல் ஒன்று. மாற்றியவர் பத்தொன்பதாம் நம்பர் மயிலாத்தாள்.